ஏகாம்பரம் வீட்டு மூலையில் சொட்டிய தண்ணீர்

போன வாரம் நம் மெக்கானிக் குரூப்பில் ஒரு படம் வந்தது. ஏசிக்குக் கீழே சுவரில் ஈரக் கறை, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட். "இன்னா பண்றதுண்ணே?" என்று ஒரு கேள்வி. பத்து நிமிஷத்துக்குள் பதினேழு பதில். டிரே அடைப்பு, டிரெயின் பைப்பில் வாட்டம் இல்லை, கேஸ் கம்மி, ஃபில்டர் அழுக்கு, சுவருக்குள் தண்ணீர்க் குழாய் உடைப்பு. ஒருத்தராவது "பார்க்காமல் எனக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்து போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நானும் இந்தப் பதினேழு பேர் மாதிரியே இருந்துகொண்டு முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன்தான்.

என்னை ஆம்பூர்ப் பக்கம் 'தோலு மெக்கானிக்' என்றால்தான் தெரியும். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு நாள்கூட எந்த ஷாப்பிலும் தோல் தொட்டதில்லை. வேலூரில் இருந்துகொண்டு இந்தப் பக்கம் முழுக்க வீட்டு ஏசி மாட்டினேன், கழுவினேன், ரிப்பேர் பார்த்தேன். இப்போது முட்டி தேய்ந்து ஏணி ஏற முடியாமல் வீட்டோடு இருக்கிறேன். அந்தப் பட்டப்பெயர் வந்த கதையை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பாதி வெட்கம். மீதிப் பாதி, அதில் நான் செய்தது எது சரி எது தப்பு என்று எனக்கே இன்னும் பிடிபடாதது.

முதலில் என் குருவின் வித்தை ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லமாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. ராணிப்பேட்டையில் அவரிடம்தான் வேலை கற்றேன். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கருப்புத் தோல் துண்டு இருக்கும். எந்த வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும், சொட்டும் தண்ணீரில் ஒரு துளியை அந்தத் தோல்மேல் விட்டுக் காயவைப்பார். "நம்ம ஊரு போர் தண்ணி உப்புடா. காஞ்சா வெள்ளையா வளையம் நிக்கும். ஏசி தண்ணி காத்துல இருந்து வர்றது. ஐஸ் தண்ணி ஊத்தின சொம்பு வெளிய வேர்க்குது பாரு, அந்தத் தண்ணி. காஞ்சா ஒண்ணும் நிக்காது" என்பார். வளையம் நின்றால் பிளம்பரைக் கூப்பிடு, நிற்காவிட்டால் நம் வேலை. இவ்வளவுதான் கணக்கு. எத்தனையோ வீட்டில் எனக்கு இது கைகொடுத்திருக்கிறது. அதனால் நானும் பையில் ஒரு துண்டு வைத்துக்கொண்டேன், அதை நம்பினேன், என் கண்ணைவிட ஜாஸ்தியாக நம்பினேன்.

இனி ஏகாம்பரம் வீடு. ஆம்பூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், இரண்டு மாடி. ஏகாம்பரம் ஒரு தோல் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கட்டளையாகத்தான் சொல்வார். மாடியில் அவரும் அவர் மனைவியும். கீழே ஸ்டெல்லா என்று ஒரு பெண் குடியிருந்தாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். ஷூவின் மேல்பாகத்தை இங்கே அப்பர் என்பார்கள். கம்பெனியிலிருந்து அப்பர் பண்டல் ஸ்டெல்லா வீட்டுக்கு வரும். அவளும் தெருவில் இன்னும் நாலு பெண்களும் அந்த முன் ரூமில் உட்கார்ந்து கையால் தைத்துத் திருப்பி அனுப்புவார்கள். தைப்பதற்கு முன் தோல் இளகுவதற்காக பேசினில் கொஞ்சம் நனைப்பது வழக்கம். அந்த ரூமுக்குள் போனால் ஈரத்தோல் வாசனை மூக்கில் ஏறும்.

மாடி பெட்ரூம் ஏசியை இந்தக் கதைக்கு நாலு வருஷம் முன்னால் மாட்டியவன் நான்தான். ஏகாம்பரத்துக்கு வீட்டு முகப்பில் வெளி யூனிட் தொங்கக்கூடாது, அழகு கெட்டுவிடும். அதனால் செம்புக் குழாயை மாடியிலிருந்து கீழே இறக்கி, ஸ்டெல்லா ரூம் சீலிங்குக்கு அடியில் சுவரோரமாக ஓட்டி, பின்பக்கம் கொண்டுபோய் அங்கே யூனிட்டை வைத்தோம். குழாய் வெளியே தெரியாமல் பிளைவுட் பெட்டி அடித்து, சீலிங் கலரிலேயே பெயிண்ட் அடித்துவிட்டார். ஏசியிலிருந்து வரும் தண்ணீருக்குத் தனிக் குழாய். அது மாடிச் சுவர் வழியாக நேராக வெளியே போய் ஒரு பக்கெட்டில் விழும்.

மாட்டி நாலு வருஷம் கழித்து, ஐப்பசி மழையில் ஏகாம்பரத்தின் மனைவிக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்து படுத்தவருக்கு நாள் முழுக்க ஏசி ஓடியது. ஒரு வாரத்தில் கீழே ஸ்டெல்லா ரூமின் பின் மூலையில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மூலையில் அடுக்கியிருந்த பண்டல்மேல் விழுந்து இருபது ஜோடி அப்பரில் திட்டுத் திட்டாகக் கறை. டேன் கலர், அதாவது இளம் பழுப்புத் தோல், ஒரு சொட்டு பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஏகாம்பரம் எனக்குப் போன் செய்து, "நீ மாட்டின ஏசி, நீயே வந்து பாரு" என்றார்.

போனேன். கருப்புத் தோலை எடுத்து ஒரு துளியைப் பிடித்தேன். காயும் வரைக்கும் மாடி ஏசியைத் திறந்து, தண்ணீர் சேரும் டிரேயில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றினேன். வெளியே பக்கெட்டில் நீலத் தண்ணீர் சுத்தமாக வந்து விழுந்தது. கீழே மூலையில் ஒரு பொட்டு நீலம்கூட இல்லை. தோலை எடுத்துப் பார்த்தேன். வெள்ளை வளையம், அச்சடித்தது போல நின்றது. மூலைக்கு நேர் மேலே மாடி பாத்ரூம். இதற்கு மேல் என்ன வேண்டும்? பிளைவுட் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டி, "இதுக்குள்ள இருக்கறது நான் போட்ட பைப். அது மேல சந்தேகமே வேணாம். இது உங்க பாத்ரூம் தண்ணி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஏறினேன்.

ஏகாம்பரம் பாத்ரூம் தரையைப் பிளந்தார். பிளம்பர் மூன்று நாள் தோண்டினார். முதுகில் ஆபரேஷன் ஆன அந்த அம்மாவை மூன்று நாளும் இரண்டு பேர் பிடித்துப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. தோண்டிப் பார்த்தால் உள்ளே குழாய் புதுசு போல இருந்தது, மண் வறண்டு கிடந்தது. கீழே மூலையில் மட்டும் தண்ணீர் விடாமல் சொட்டியது.

இரண்டாவது முறை என்னைக் கூப்பிட்டபோது ஏகாம்பரம் குரலைக் கேட்டே போகக் கூடாது என்று தோன்றியது. போனேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏசி தண்ணீர் என்றால் நீலமாக இருக்க வேண்டும், வளையம் நிற்கக் கூடாது. பாத்ரூம் தண்ணீர் என்றால் மேலே ஈரம் இருக்க வேண்டும். மழைத் தண்ணீரா என்று மொட்டைமாடி போய்ப் பார்த்தேன், அதுவும் இல்லை. ஸ்டெல்லாவிடம் எப்போது ஜாஸ்தி சொட்டுகிறது என்று கேட்டேன். "சொல்லவே முடியலண்ணா. சில நாள் ஏசி ஓடும்போது சொட்டுது. சில நாள் நிறுத்தின அப்புறம்தான் ஜாஸ்தியா சொட்டுது" என்றாள். இது என்னை இன்னும் குழப்பியது. ஏசி நின்ற பிறகு எந்தத் தண்ணீர் வரும்?

நான் வாயைத் திறக்காமல் நிற்பதைப் பார்த்து ஏகாம்பரமே காரணம் கண்டுபிடித்தார்.

"நான் சொல்றேன் கேளு. இந்தப் பொண்ணு காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் ரூமுக்குள்ள தோலை ஊற வெக்குது. மழைக்காலம், ஜன்னலைத் தொறக்கறதில்ல. ஈரம் பூரா மேல ஏறி சீலிங்குல தண்ணியா நிக்குது. ஷாப்புல நான் பாக்காததா? இன்னா மெக்கானிக்கு, நான் சொல்றது கரெக்டா?"

அப்போது ஸ்டெல்லா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் பாதி தைத்த அப்பர். அவள் பின்னால் நாலு பெண்களும் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு பாத்ரூமை வீணாக உடைக்கவைத்தவன் நான். இப்போது "தெரியலை" என்று சொன்னால் இவன் என்ன மெக்கானிக் என்று கேட்பார்கள். வாயில் வந்தது ஒரே வார்த்தை.

"இருக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் உங்களிடம் சொல்ல இத்தனை தூரம் வந்தேன். நான் எடுத்த எத்தனையோ தப்பு முடிவுகளுக்காக வருத்தப்பட்டதுண்டு. அதற்கெல்லாம் ராத்திரி தூங்கி எழுந்தால் போய்விடும். இது போகவில்லை. என் வாயில் இருக்கலாம் என்று வந்தது ஏகாம்பரத்தின் காதில் ஆமாம் என்றுதான் விழுந்தது. அந்த மாதக் கடைசிக்குள் ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, தைக்காமல் இருந்த பண்டல்களையும் பேசினில் இருந்த தோலையும் எடுத்துப் போய்விட்டான். தையலைப் பார்த்து எடுக்கும் செக்கர் மேடம் சொல்லி அனுப்பியது இதுதான்: ஈரம் சொட்டுகிற ரூமுக்கு இனி அப்பர் கிடையாது, இடம் காய்ந்தால் பார்க்கலாம். வேறு வீடு தேடினால், தோல் நனைத்துத் தைக்கிறவளால்தான் முந்தைய வீட்டுச் சீலிங் கெட்டது என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய் நிற்கிறது. ரூமும் இல்லை, வேலையும் இல்லை. அவளை நம்பி உட்கார்ந்த நாலு பேருக்கும் சேர்த்து இல்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு வசதியாக ஸ்டெல்லாவின் போனை இரண்டு நாள் எடுக்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"அண்ணா, உங்க மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொன்னா அது பொய். ஆனா வந்து பாருங்க. மேல நேத்து காலைல இருந்து யாரும் இல்ல, அம்மாவ செக்கப்புக்கு வேலூர் கூட்டிட்டுப் போயிருக்காங்க. மெயினே ஆஃப். ஏசி ஓடல. பாத்ரூம் தண்ணிய மூடி வெச்சிருக்காங்க. என் பேசின்ல தண்ணி இல்ல, கவுத்துப் போட்டு நாலு நாள் ஆவுது. இப்பவும் சொட்டுது. இப்ப யார் மேல போடுவீங்க?"

 வர்றேம்மா என்றேன்.

போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது ஒன்றுகூடப் பொய் இல்லை. நிமிஷத்துக்கு ஒரு சொட்டு, மெதுவாக, அதே மூலையில். ஏசி குற்றவாளி இல்லை, பாத்ரூம் இல்லை, மழை இல்லை, ஸ்டெல்லாவும் இல்லை. தண்ணீர் மட்டும் இருக்கிறது.  முப்பது வருஷம் பார்த்த தொழில் அத்தனையும் அந்த மூலையில் கரைந்து போய்விட்டதா என்று பயமாகவே இருந்தது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"தெரியலம்மா. சத்தியமா எனக்குத் தெரியல" என்றேன்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள்.

 அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் மூக்கு ஒன்றைச் சொன்னது. ஈரத்தோல் வாசனை. ஆம்பூரில் தோல் வாசனை வருகிறது என்று யாராவது சொன்னால் கையைத் தட்டிச் சிரிப்பார்கள். ஊரே அந்த வாசனைதான். அதனால் இரண்டு முறை வந்தபோதும் அது என் மூக்கில் பட்டும் மண்டையில் படவில்லை. ஆனால் இன்றைக்கு அந்த ரூமில் தோலே இல்லை. பண்டல் போய்விட்டது, பேசின் கவிழ்ந்து கிடக்கிறது, நாலு நாளாகத் தரை கூட்டித் துடைத்து வைத்திருக்கிறாள். அப்படியானால் இந்த வாசனை எங்கிருந்து வருகிறது?

மூலையில் சொட்டியதை விரலில் பிடித்து முகர்ந்தேன். தண்ணீர்தான் நாறியது.

ஸ்டூலைப் போட்டு ஏறி, பிளைவுட் பெட்டியை ஸ்குரூடிரைவரால் நெம்பினேன். பின் மூலையிலிருந்து முன்பக்கமாக ஒவ்வொரு பலகையாக எடுத்துக்கொண்டே வந்தேன். பலகையின் உள்பக்கம் முழுக்க ஈரம், மூலைப் பக்கமாகத் தாரை ஓடிய தடம். சில்லென்ற குழாய் வேர்க்காமல் இருக்க அதன்மேல் போடும் கருப்பு ஃபோம் ஸ்லீவ் ஒழுங்காக இருந்தது. முன்பக்கம் வந்தபோது ஸ்லீவ் நின்றுவிட்டது. அங்கிருந்து இரண்டு முழத்துக்குக் குழாயைச் சுற்றி ஊறி உப்பிப்போன ஒரு தோல் உறை. மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கையால் அழுத்தினேன், தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. உறைக்குள் இருந்த, ஷூவின் உள்பக்கம் வைக்கும் லைனிங் ஃபோம் மாவாகிவிட்டிருந்தது.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வந்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

மாட்டியது ஒரு வெள்ளிக்கிழமை. ஸ்லீவ் இரண்டு முழம் பத்தவில்லை. கடைக்காரர் பாய் நமாஸுக்குப் போய்விட்டார், திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். எனக்கோ பள்ளிகொண்டாவில் ஒரு கல்யாண மண்டபத்தில் அடுத்த வேலை காத்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அப்போதுதான் அந்த வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். அவள் வேஸ்ட் துண்டு போட்டு வைத்திருந்த சாக்கைப் பார்த்து, "வேஸ்ட் லைனிங் துண்டு இருந்தா குடும்மா" என்று கேட்டேன். கொடுத்தாள். நான் கயிறு கட்டத் தடுமாறியதைப் பார்த்து, "தள்ளுங்கண்ணா, விழுந்துடப் போவுது" என்று சொல்லி ஸ்டூல்மேல் ஏறி நின்று ஃபோமைச் சுற்றி, அதற்கு மேல் தோலைச் சுற்றி, குழாய்மேலேயே தைத்துக் கொடுத்தாள். ஏசி இவ்வளவு நேரம் ஓடாத வரை அது தாங்கியது. நாள் முழுக்க ஓடியதும் சில்லென்ற குழாய் வேர்த்தது, தோல் அதைக் குடித்தது, வயிறு நிறைந்ததும் ஏசி நின்ற பிறகும் கக்கியது. தோலில் இருக்கும் உப்பையும் சேர்த்துக் கக்கியதால் என் குருவின் சோதனையில் வளையம் நின்றது. நீலம் ஊற்றிய டிரேக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உறையை அறுத்துக் கீழே கொண்டு வந்தேன். ஸ்டெல்லா வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"இது என் தையல்."

"ஆமாம்மா."

"அப்ப என் தப்பாண்ணா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. ஏகாம்பரம் மனைவியோடு திரும்பிவிட்டார். அரை நிமிஷம்தான் இருந்தது. மனசு எங்கெங்கோ ஓடியது. உறையை ஒளித்துவிட்டால், "ஸ்லீவ் பழசாயிடுச்சு, மாத்திட்டேன்" என்று முடித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஸ்டெல்லாவின் ரூமும் தப்பும், என் பெயரும் தப்பும். சட்டென்று அதை வாங்கி என் பைக்குள் திணித்தேன்.

"எங்க கொண்டுபோறீங்க?" என்றாள்.

"அவரு பாத்தா உன்னையும் சேத்துத் திட்டுவாரும்மா."

அவளுக்காக ஒளிப்பதாக அவளிடம் சொன்னேன். எனக்காகத்தான் ஒளித்தேன். அவள் சின்னப் பெண் இல்லை, அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வெளிய எடுங்கண்ணா. அது இல்லாம செக்கர் மேடத்துகிட்ட நான் இன்னான்னு சொல்றது? இருக்கலாம்னு சொல்லவா?"

சுருக்கென்று தைத்தது. ஏகாம்பரம் உள்ளே வரும்போது உறை என் கையில் இருந்தது. மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுச் சீலிங்கைப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? மறுபடியும் என் வீட்டைப் பிரிச்சிட்டியா?"

"இது நான் போட்டது சார். நாலு வருஷத்துக்கு முன்ன ஸ்லீவ் பத்தலன்னு தோலைச் சுத்திட்டுப் போயிட்டேன். தண்ணி இதுல இருந்துதான். உங்க பாத்ரூம் ஒண்ணும் பண்ணல. ஸ்டெல்லாவும் ஒண்ணும் பண்ணல. அன்னிக்கு இருக்கலாம்னு சொன்னது தெரியாம சொன்னது."

ஏகாம்பரம் உறையை வாங்கிக் கட்டைவிரலால் அழுத்தினார். தண்ணீர் அவர் வேட்டியில் சொட்டியது.  பிறகு வெடித்தார்.

"அடப்பாவி! ஏசி பைப்புக்குத் தோலாடா சுத்துவாங்க? தோலு தண்ணி குடிக்கும்னு இந்த ஊர்ல தவழற கொழந்தைக்குத் தெரியும். உனக்குத் தெரியாது? இவன் மெக்கானிக்காம்! தோலு மெக்கானிக்கு!"

நாற்காலியில் இருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்க வெக்காதீங்க, முதுகு வலிக்குது" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பெயர் அன்றைக்குச் சாயங்காலமே பஜார் வரைக்கும் போய்விட்டது.

ஏகாம்பரம் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. மாடிப்படி ஏறும்போது நின்று, "ஸ்டெல்லா, காலி பண்ற பேச்சை விட்டுடு" என்றார்.

"நான் எங்க சார் பேசினேன்? நீங்கதான் பேசினீங்க" என்றாள் ஸ்டெல்லா. அவர் காதில் விழாதது மாதிரி போய்விட்டார்.

ரூம் தப்பியது. வேலை தப்பவில்லை. புது ஸ்லீவ் போட்டு, நாலு நாள் ஏசியை விடாமல் ஓடவிட்டு, மூலை காய்ந்ததைப் பார்த்த பிறகு ஸ்டெல்லாவும் நானும் அந்த உறையை ஒரு பையில் போட்டுக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனோம். போகிற வழியில்தான் அவள் ஒன்றைச் சொன்னாள். வேஸ்ட் துண்டு உள்பட எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், சாக்கில் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும், வெளியாளுக்குக் கொடுத்தது தெரிந்தால் இனி பண்டலே கொடுக்கமாட்டார்கள். 

"அப்ப துண்டு நான் வேற எங்கயோ வாங்கினேன்னு சொல்லிடறேம்மா" என்றேன்.

அவள் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். சரி என்றாளா வேண்டாம் என்றாளா என்று எனக்கு விளங்கவில்லை.

செக்கர் மேடம் நாற்பது வயசு இருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்கியது. நான் நின்றபடியே எல்லாம் ஒப்பித்தேன். தப்பு என்னுடையது, கறை இவள் கைப்பிழை இல்லை, மூலை காய்ந்துவிட்டது. மேடம் நான் பேசியதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஒரு நூலை நெம்பினார். அது அசையவில்லை.

"யார் தையல் இது?"

 நான் என்று சொன்னால் நம்ப மாட்டார். வேறு யாரோ என்றால், யார் என்று கேட்பார். ஸ்டெல்லா என்றால் துண்டு எங்கிருந்து வந்தது என்பது வெளியே வந்துவிடும். பொய் சொன்னால் இவள் பிழைப்பாளா, உண்மை சொன்னால் பிழைப்பாளா? இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது. நான் விழித்துக்கொண்டு நின்றபோது ஸ்டெல்லாவே பேசினாள்.

"நான் தச்சது மேடம். துண்டு நம்ம கம்பெனி வேஸ்ட்டுதான். கேக்காம எடுத்துக் குடுத்தேன். தப்புதான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.  "இது எத்தினி வருஷம் பைப்பு மேல இருந்துது?" என்று என்னைக் கேட்டார். நாலு என்றேன். "நாலு வருஷம். தண்ணில ஊறி, காஞ்சு, மறுபடி ஊறி. ஒரு தையல் விடல" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். அப்புறம் குரல் பழையபடி ஆகிவிட்டது.

"மூலை காஞ்சுதுன்னு எனக்கு ஆள் வந்து பாத்துச் சொல்லணும். திங்கக்கிழமை பண்டல் வரும். இனிமே ஒரு துண்டு வெளிய போச்சுன்னா அன்னியோட சரி."

வெளியே வந்ததும் ஸ்டெல்லா கேட் சுவரில் சாய்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதாளா வேர்வையா என்று நான் பார்க்கவில்லை.  கெடுத்தது அந்த உறை. காப்பாற்றியதும் அதே உறை. உள்ளே நான் சொல்லத் தயாராக வைத்திருந்த பொய் வாயிலிருந்து வந்திருந்தால் இந்த இரண்டாவது நடந்திருக்காது. இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் சொல்வது என்று எழுத உட்கார்ந்ததிலிருந்து யோசிக்கிறேன். உண்மை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அன்றைக்கு அந்த மேடத்தின் இடத்தில் வேறு ஒருத்தர் இருந்திருந்தால் கதை வேறு. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தக் குரூப் படத்துக்குக் கீழே பதினெட்டாவது பதிலாக நேற்று நான் எழுதியதும் அதுதான்: "தெரியலை. நேரில் போய், பெட்டியைத் திறந்து பாரு. நீயே மாட்டினதா இருந்தா முதல்ல அதைத் திற."

பஸ் ஸ்டாப் வரைக்கும் இரண்டு பேரும் நடந்தோம். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மன்னிச்சிக்கம்மா, உன்னைப் பெரிய பேஜார்ல மாட்டிவிட்டுட்டேன்" என்றேன்.

ஸ்டெல்லா என் டூல் பையைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் என் கருப்புத் தோல் துண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை உருவி எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்ணா. அடுத்த வாட்டி ஸ்லீவ் பத்தலன்னா, நமாஸ் முடியற வரைக்கும் பாய் கடை வாசல்ல உக்காருங்க. என் சாக்குல கை வெக்காதீங்க."